கூடப்பிறந்தவரை மன்னிப்பது எப்படி? மதங்களும் உளவியலும் காட்டும் வழி, படிப்படியாக

மதுரைப் பக்கம் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். அப்பா போய் ஒரு வருடம் ஆகியிருக்கும். தம்பி வந்து, "பேங்க் லோனுக்கு உன் கையெழுத்து வேணும்க்கா, சும்மா ஒரு ஃபார்மாலிட்டி" என்கிறான். அக்கா சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய், படித்துப் பார்க்காமல் கையெழுத்தும் கைரேகையும் வைத்துவிட்டு வருகிறாள். வருடங்கள் போகின்றன. மகள் கல்யாணத்துக்குப் பணம் புரட்டும் நேரத்தில் யாரோ சொன்னார்கள் என்று ஈசி, அதாவது வில்லங்கச் சான்று, போட்டுப் பார்த்தால், அன்று கையெழுத்துப் போட்டது விடுதலைப் பத்திரம். அப்பாவின் வீட்டிலும் தோட்டத்திலும் தனக்கிருந்த பாகத்தை அவளே மனமுவந்து விட்டுக்கொடுத்ததாக எழுதியிருக்கிறது.

அன்றிலிருந்து அக்காவும் தம்பியும் பேச்சுவார்த்தை இல்லை. சொந்தக்காரர்கள் வருகிறார்கள். "கூடப்பிறந்தவன்தானே, மன்னிச்சு விட்டுடு. கேஸு கோர்ட்டுன்னு போனா நாளைக்கு உன் பொண்ணுக்குத் தாய்மாமன் சீர் யார் செய்வா?"

நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பேச்சுக்குள் மூன்று வேறு வேறு கோரிக்கைகள் இருக்கின்றன. மனசில் கோபம் வைக்காதே என்பது ஒன்று. பழையபடி போக்குவரத்து வைத்துக்கொள் என்பது இரண்டாவது. பாகத்தைக் கேட்காதே என்பது மூன்றாவது. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்தால் யாராலும் தூக்க முடியாது. பல வீடுகளில் முப்பது வருடப் பகை தீராமல் கிடப்பதற்குக் கல்நெஞ்சம் காரணம் என்று நான் நினைக்கவில்லை. மூட்டையைப் பிரித்துக் கொடுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். மதங்களும் சரி, கடந்த நாற்பது ஆண்டு உளவியல் ஆய்வுகளும் சரி, இந்த மூன்றையும் பிரித்துத்தான் பேசுகின்றன. இந்த வழிகாட்டி முழுக்க அந்த அக்காவையே வைத்துப் பார்ப்போம்.

யார் இதை இப்போது தொடங்க வேண்டாம்

அடியும் மிரட்டலும் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்றால் மன்னிப்பைப் பற்றிய பேச்சே இப்போது வேண்டாம். முதலில் உயிருக்கும் உடம்புக்கும் பாதுகாப்பு. பெண்களுக்கான உதவி எண் 181. மனம் நொறுங்கிப்போன நிலையில் பேச 14416, அதாவது மத்திய அரசின் டெலிமனஸ், தமிழிலும் பேசலாம்.

இதைச் சும்மா எச்சரிக்கைக்காகச் சொல்லவில்லை. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் மெக்நல்ட்டி புதுமணத் தம்பதிகளை முதல் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2011-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். அடிக்கடி மன்னித்துவிடும் குணமுள்ளவர்களின் துணைவர்கள் திட்டுவதையும் கைநீட்டுவதையும் அதே அளவில் தொடர்ந்தார்கள். எளிதில் மன்னிக்காதவர்களின் துணைவர்களிடம் அது குறைந்தது. 2010-இல் வந்த இன்னோர் ஆய்வில் அவரும் பங்கெடுத்திருந்தார். திருந்தாத ஆளைத் திரும்பத் திரும்ப மன்னிப்பவரின் சுயமரியாதை தேய்கிறது என்று அது காட்டியது.

இது மேல்நாட்டுக்காரர்கள் புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. மகாபாரதத்தின் வனபர்வத்தில் திரௌபதி தர்மனிடம் இதையேதான் வாதாடுகிறாள். பிரகலாதன் தன் பேரன் பலிக்குச் சொன்னதை அவள் எடுத்துக்காட்டுகிறாள்: எப்போதும் சீறுவதும் நல்லதில்லை, எப்போதும் பொறுப்பதும் நல்லதில்லை. எப்போதும் பொறுப்பவனை வேலைக்காரன்கூட மதிக்க மாட்டான். முன்பு உதவி செய்தவனின் பிழையைப் பொறுக்கலாம், அறியாமல் செய்தவனைப் பொறுக்கலாம், முதல் பிழையைப் பொறுக்கலாம். தெரிந்தே செய்துவிட்டுத் தெரியாமல் செய்தேன் என்பவனைப் பொறுக்கக் கூடாது. தர்மன் பதிலுக்குப் பொறுமையின் பெருமையை நீளமாகப் பேசுகிறான். ஆனாலும் திரௌபதியின் பட்டியலை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தம்பி எந்த வரியில் வருகிறான் என்று பின்னால் பார்க்க வேண்டியிருக்கும்.

படி 1: மூட்டையைப் பிரியுங்கள்

ஒரு தாளில் மூன்று கேள்விகளைத் தனித்தனியாக எழுதுங்கள். என் மனசில் இருக்கும் பகையை என்ன செய்யப்போகிறேன்? இவனோடு உறவு வைத்துக்கொள்ளப் போகிறேனா, எவ்வளவு தூரம்? எனக்கு வர வேண்டியதைக் கேட்கப் போகிறேனா? ஒன்றுக்குச் சொல்லும் பதில் மற்றொன்றைக் கட்டுப்படுத்தாது. பகையை விட்டுவிட்டு வழக்குப் போடலாம். வழக்கை விட்டுவிட்டு உறவையும் விடலாம்.

இப்படிப் பிரிப்பது மதத்துக்கு விரோதமில்லையா என்று சிலருக்குத் தோன்றும். வேதநூல்களைத் திறந்து பாருங்கள். லூக்கா 17-ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் வரிசை: சகோதரன் குற்றம் செய்தால் முதலில் அவனைக் கடிந்துகொள், அவன் மனம் வருந்தினால் மன்னித்துவிடு. கடிந்துகொள்வது அங்கே பாவமாகச் சொல்லப்படவில்லை, கடமையாகவே சொல்லப்படுகிறது. குர்ஆனின் 42-ஆம் அத்தியாயம் 40-ஆம் வசனம், தீமைக்கு அதே அளவு பதில் உண்டு என்ற உரிமையை முதலில் ஒப்புக்கொள்கிறது. அதன்பிறகுதான், மன்னித்துச் சமாதானம் செய்பவருக்குரிய கூலி இறைவனிடம் இருக்கிறது என்கிறது. உரிமை இருப்பவர்தான் மன்னிக்க முடியும். உரிமையே இல்லை என்று ஆக்கப்பட்டவர் எதை மன்னிப்பார்?

நம் காலத்து எடுத்துக்காட்டு ஒன்று. ஒடிசாவில் தொழுநோயாளிகளிடையே பணிசெய்த ஆஸ்திரேலியர் கிரஹாம் ஸ்டெயின்ஸ், 10 வயது பிலிப், 6 வயது திமோத்தி என்ற இரண்டு மகன்களோடு, 1999 ஜனவரியில் மனோகர்பூர் கிராமத்தில் வண்டிக்குள் வைத்து எரித்துக் கொல்லப்பட்டார். அவர் மனைவி கிளாடிஸ், கொன்றவர்களை மன்னித்துவிட்டதாகச் சொன்னார். பல ஆண்டுகள் அங்கேயே தங்கி அந்தப் பணியைத் தொடர்ந்தார். இந்திய அரசு 2005-இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கியது. அவர் மன்னித்தார் என்பதற்காக வழக்கு நிற்கவில்லை. முக்கியக் குற்றவாளி தாரா சிங்குக்கு விசாரணை நீதிமன்றம் தூக்கு விதித்தது, உயர் நீதிமன்றம் அதை ஆயுளாகக் குறைத்தது, 2011-இல் உச்ச நீதிமன்றம் ஆயுளை உறுதிசெய்தது. கிளாடிஸின் மனம் ஒரு பக்கம், சட்டம் இன்னொரு பக்கம். ஒன்று மற்றொன்றைத் தடுக்கவில்லை.

படி 2: நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்

அவசரப்பட்டு இந்தப் படியைத் தாண்டுபவர்கள்தான் அதிகம். அதனால் இதில் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1980-களிலிருந்து மன்னிப்பை ஆராய்ந்துவரும் ராபர்ட் என்ரைட், தன் முறையை நான்கு கட்டங்களாகப் பிரித்தார். முதல் கட்டமே கோபத்தைத் தோண்டி வெளியே எடுப்பதுதான். "எனக்கு ஒண்ணும் கோபமில்லை, மனசு விட்டுப்போச்சு அவ்வளவுதான்" என்று சொல்பவர்களிடம்தான் அதிகம் தோண்ட வேண்டியிருக்கும்.

முறை எளிது. ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் செய்த புகழ்பெற்ற ஆய்வில் கல்லூரி மாணவர்களை நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், தங்களை உலுக்கிய சம்பவத்தைப் பற்றி எழுதச் சொன்னார். அதையே நீங்களும் செய்யலாம். எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம். யாருக்கும் காட்ட வேண்டாம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மறைமுகமாகப் போடுவது இதில் சேராது.

"தம்பி என்னை ஏமாத்திட்டான்" என்று எழுதினால் போதாது. அது தீர்ப்பு. நடந்தது என்ன? அக்காவின் நோட்டில் இப்படி வரலாம்:

"ஆவணி மாசம். பத்திரம் எழுதுற கடையில மர பெஞ்சுல உக்காந்திருந்தோம். தம்பி எனக்கு ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தான். எழுத்தர் படிச்சுக் காட்டட்டுமான்னு கேட்டார். தம்பி, அதெல்லாம் வேணாம்ணே, அக்காவுக்குத் தெரியும்னான். அம்மா பக்கத்துல இருந்தா. தலையைக் குனிஞ்சுக்கிட்டா."

கடைசி இரண்டு வரிகளைப் பாருங்கள். அம்மாவுக்கு விஷயம் தெரியும். இத்தனை வருடமும் தம்பியின் மேல் இருப்பதாக நினைத்த கோபத்தில் பாதி அம்மாவின் மேல் இருக்கிறது. "பொம்பளைப் பிள்ளைக்கு நகை போட்டாச்சு, செய்முறை செய்தாச்சு, இனிமே என்ன" என்று அம்மாவும் நினைத்திருக்கிறாள் என்பதுதான் அவளை இரவில் தூங்க விடாமல் செய்வது. யாரை மன்னிக்க வேண்டும் என்பதே எழுதிப் பார்க்கும்வரை பலருக்குத் தெரியாது.

எழுதி முடித்ததும் இழப்பை இனம் பிரியுங்கள். பணமாக எவ்வளவு? மானமாக என்ன? நம்பிக்கையாக என்ன? பணம் திரும்பி வரலாம். பிறந்த வீடு என்று சொல்லிக்கொண்டு போய் இறங்க ஓர் இடம் இருந்ததே, அது தோட்டத்தில் பாதியைக் கொடுத்தாலும் திரும்பாது. அதற்கு அழ வேண்டியிருந்தால் அழுதுவிடுங்கள்.

படி 3: கோபம் உங்களிடம் என்ன வாங்குகிறது

2001-இல் ஷார்லட் விட்வ்லியட் குழுவினர் 71 மாணவர்களை, தங்களைப் புண்படுத்திய ஓர் உண்மையான ஆளை நினைக்கச் சொன்னார்கள். பழைய காயத்தை ஓட்டிப்பார்த்துப் பகையை வளர்க்கும்போது இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறின, தோல் வியர்த்தது, புருவத் தசை இறுகியது. அதே ஆளைப் புரிந்துகொண்டு மன்னிப்பதாகக் கற்பனை செய்தபோது இவை குறைவாக இருந்தன. எதிராளி அந்த அறையிலேயே இல்லை. நடந்ததெல்லாம் நினைத்தவரின் உடம்பில்தான்.

"தன்னைத்தான் காக்கின் சினங்காக்க காவாக்கால்
தன்னையே கொல்லுஞ் சினம்"

என்ற குறளை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வள்ளுவர் இங்கே அடுத்தவனுக்காகக் கோபத்தை விடச் சொல்லவில்லை. உன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமா, அப்படியானால் விடு என்கிறார். தம்மபதத்தின் தொடக்கப் பாடல்களும் அப்படித்தான். என்னைத் திட்டினான், அடித்தான், என் பொருளைப் பறித்தான் என்று எண்ணிக்கொண்டே இருப்பவரின் பகை அடங்குவதில்லை என்று புத்தர் சொல்கிறார்.

ஒரு வாரம் கவனியுங்கள். எந்த நேரத்தில் தம்பியின் நினைப்பு வருகிறது? பாத்திரம் தேய்க்கும்போதா, படுத்த பிறகா, அந்த ஊர்ப் பேருந்தைப் பார்க்கும்போதா? வந்தால் எவ்வளவு நேரம் ஓடுகிறது, பிறகு யார் மேல் எரிந்து விழுகிறீர்கள்? பெரும்பாலும் வீட்டுக்காரர் மேலும் பிள்ளைகள் மேலும்தான். மன்னிப்பதற்கான காரணம் அந்தப் பட்டியலிலேயே கிடைத்துவிடும். தம்பி நல்லவனா என்று ஆராய வேண்டியதில்லை.

படி 4: முடிவு முதலில், மனசு பிறகு

"மனசு வரலையே, எப்படி மன்னிக்கிறது?" இந்தக் கேள்விக்கு எவரெட் வொர்திங்டன் என்ற உளவியலாளரின் பதில் உதவும். முடிவளவில் மன்னிப்பது வேறு, உணர்வளவில் மன்னிப்பது வேறு என்கிறார் அவர். பழிவாங்க மாட்டேன், இவனை ஒரு மனுஷனாகவே நடத்துவேன் என்று ஒரே மாலையில் முடிவெடுக்கலாம். உள்ளே இருக்கும் கசப்பு ஆற மாதங்களோ வருடங்களோ ஆகும். இரண்டாவது வரவில்லை என்பதால் முதலாவது பொய்யாகிவிடாது. அவர் ஏட்டிலிருந்து மட்டும் பேசுபவர் இல்லை. மன்னிப்பு பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த காலத்திலேயே, 1995-இன் கடைசி இரவில், திருட வந்தவன் அவருடைய தாயை வீட்டில் வைத்தே அடித்துக் கொன்றான்.

முடிவு முன்னால் போக, மனசு பின்னால் வரும் என்பதற்கு இஸ்லாமிய வரலாற்றில் தெளிவான நிகழ்ச்சி உண்டு. அபூபக்கர் (ரலி) தன் ஏழை உறவினர் மிஸ்தஹுக்குப் பண உதவி செய்துவந்தார். அந்த மிஸ்தஹ், அபூபக்கரின் மகள் ஆயிஷா (ரலி) மீது கிளம்பிய அவதூறைப் பரப்பியவர்களில் ஒருவராகிவிட்டார். இனி ஒரு காசு கொடுக்க மாட்டேன் என்று அபூபக்கர் சத்தியம் செய்தார். எந்தத் தகப்பனும் செய்யக்கூடியதுதான். அப்போது இறங்கியதாகச் சொல்லப்படும் 24:22 வசனம், இப்படிச் சத்தியம் செய்ய வேண்டாம், மன்னித்துவிடுங்கள் என்றுவிட்டு, அல்லாஹ் உங்களை மன்னிக்க வேண்டும் என்று நீங்கள் விரும்பமாட்டீர்களா என்று கேட்கிறது. அபூபக்கர் உதவியை மறுபடி தொடங்கினார். அவரிடம் கேட்கப்பட்டது செயல். மகளைப் பற்றிய வலி அன்றைக்கே போய்விட்டதா என்று யாரும் கேட்கவில்லை.

முடிவை எழுத்தில் வையுங்கள். ஒரே வாக்கியம் போதும்: "இன்றிலிருந்து தம்பியைப் பழிவாங்க நான் எதையும் செய்ய மாட்டேன், அவன் பிள்ளைகளிடம் இதைக் காட்ட மாட்டேன்." தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்கள். படித்துப் பார்த்துவிட்டுப் போடும் கையெழுத்தாக இதுவாவது இருக்கட்டும்.

படி 5: எதிராளியின் பக்கம் போய் உட்காருங்கள்

நாற்காலி ஒன்றை எதிரே போட்டு, தம்பி அதில் இருப்பதாக நினைத்துப் பேசுங்கள். பிறகு எழுந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவனாகப் பதில் சொல்லுங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். கதவைச் சாத்திக்கொண்டு செய்யுங்கள். ஆலோசகர்கள் வெகுகாலமாகப் பயன்படுத்தும் முறை இது.

அவன் என்ன சொல்வான்? "அப்பாவோட ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க நான்தான் பாத்தேன். நீ வந்து எட்டிப் பாத்துட்டுப் போன. கடன்காரன் வாசல்ல நின்னான். கேட்டா நீ குடுக்க மாட்டேன்னு பயம்." இதில் உண்மையும் இருக்கும், சாக்கும் இருக்கும். செய்தது சரி என்று ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ராட்சசனாக நினைத்திருந்தவன் பயந்துபோன, பேராசைப்பட்ட ஓர் ஆளாக அளவு சுருங்கினால் போதும். இப்போது திரௌபதியின் பட்டியலைப் பாருங்கள். முன்பு உதவியவனா? முதல் பிழையா? தெரிந்தே செய்ததா? மூன்றுக்கும் ஆமாம் என்று பதில் வந்தால், கோபமும் பாசமும் ஒன்றாக இருப்பது நியாயம்தான்.

இந்தப் படி எல்லாருக்கும் கட்டாயமில்லை. சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவரிடம் போய் அவன் பக்கத்தையும் யோசி என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. குடும்பத்துக்குள்ளேயே அப்படிப் பாதிக்கப்பட்ட 12 பெண்களோடு சூசன் ஃபிரீட்மனும் என்ரைட்டும் செய்து 1996-இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொருவரும் பயிற்சி பெற்றவரிடம் வாரம் ஒருமுறை தனியாக உட்கார்ந்து பேசினார்கள். சராசரியாக 14 மாதம் ஆனது. பலன் நன்றாகவே இருந்தது, மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன. ஆனால் அது அவர்கள் விரும்பி வந்து, துணையோடு, நேரம் எடுத்துச் செய்தது.

படி 6: பாகத்தைப் பற்றிய கேள்வியைத் தள்ளிப்போடாதீர்கள்

இங்கே மதமும் இல்லை, உளவியலும் இல்லை. ஆனால் இதை விட்டால் வழிகாட்டி முழுமையாகாது.

இந்துக் கூட்டுக்குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் செய்தது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன்பே கல்யாணமான பெண்கள் அதில் விடுபட்டார்கள். 2005 செப்டம்பர் 9-இல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அந்தப் பாகுபாட்டை நீக்கியது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அப்பா சுயமாகச் சம்பாதித்தது, உயில் எழுதியது, முன்பே முடிந்த பாகப்பிரிவினை என்றால் கணக்கு மாறும்.

ஏமாற்றி வாங்கிய பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கும் வழக்குக்குப் பொதுவாக 3 ஆண்டு கெடு. விஷயம் தெரியவந்த நாளிலிருந்து அது ஓடத் தொடங்கும். "மனசு ஆறட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று இருந்தால் கெடு ஓடிவிடும். எதிர்த்தரப்புச் சொந்தங்கள் மன்னிப்பைப் பற்றி மிக உருக்கமாகப் பேசுவது பெரும்பாலும் இந்த மூன்று வருடத்துக்குள்தான் என்பதையும் கவனித்திருப்பீர்கள். வக்கீலைப் பாருங்கள். சமரச மையம் உண்டா என்று கேளுங்கள். பார்த்த பிறகு, வேண்டாம் என்று நீங்களே விட்டுக்கொடுத்தால் அது உங்கள் பெருந்தன்மை. தெரியாமலே கைவிட்டுப் போனால் அது இரண்டாவது முறை ஏமாந்தது.

பெரியபுராணத்தில் மெய்ப்பொருள் நாயனாரை இந்த இடத்தில் நினைத்துக்கொள்வேன். திருக்கோவலூரை ஆண்ட அவரைப் போரில் வெல்ல முடியாத முத்தநாதன், திருநீறு பூசிச் சிவனடியார் வேடத்தில் வந்து, சுவடிக்கட்டுக்குள் மறைத்த கத்தியால் குத்தினான். காவலன் தத்தன் வாளை ஓங்கினான். "தத்தா, நமர்", அதாவது இவர் நம்மவர், என்று தடுத்தார் அரசர். ஊர் மக்கள் அவனைக் கொன்றுவிடாமல் எல்லை தாண்டி விட்டுவிட்டு வரச் சொன்னார், வந்து சொன்ன பிறகே கண்மூடினார். வேடத்தின் மேலிருந்த பக்தியால் செய்தது, சாதாரண மனிதருக்கு எட்டாத உயரம். ஆனாலும் நடைமுறையில் என்ன நடந்தது? கொன்றவன் உயிரோடு போனான். எல்லைக்கு வெளியே போனான்.

படி 7: மறுபடி பேசுவதா

பேச்சை முறிப்பதற்கு நபிகள் நாயகம் ஒரு கெடு வைத்தார்: சகோதரனோடு மூன்று நாளுக்கு மேல் பேசாமல் இருக்கக் கூடாது, முதலில் சலாம் சொல்பவரே இருவரில் சிறந்தவர். அந்த ஹதீஸ் கேட்பது ஒரு சலாம். விருந்துக்குப் போ என்றோ, சாவியைக் கையில் கொடு என்றோ அதில் இல்லை. நம் ஊர் வழக்கமும் அப்படித்தான். நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போய்விட வேண்டும் என்பார்கள். எதிர்ப்பட்டால் "வாங்க", சாவு வீட்டில் ஒரு மாலை, கல்யாணத்துக்கு நேரில் போய் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைப்பது. இப்படிச் சின்னச் சின்னப் படிகள் ஏற்கெனவே இருக்கின்றன. எந்தப் படியில் நின்றுகொள்வது என்பது உங்கள் விருப்பம். மொய் எழுதும் அளவோடு நிறுத்திக்கொள்ளும் உறவுகள் ஆயிரம் உண்டு, அவை பகை இல்லை.

அதற்கு மேலே போக வேண்டுமானால் தம்பி ஏதாவது செய்ய வேண்டும். 2016-இல் ராய் லெவிக்கி குழுவினர் வருத்தம் தெரிவிப்பதன் ஆறு கூறுகளைச் சோதித்தார்கள். "தப்பு என்னுதுதான்" என்று பொறுப்பேற்பதுதான் அதிகம் எடுபட்டது. அடுத்து, சரிசெய்து தருகிறேன் என்பது. "மன்னிச்சிடு" என்று கேட்பதுதான் ஆறில் கடைசி. ஆகவே தம்பி வந்து, "என்னமோ நடந்துபோச்சு, மனசுல வச்சுக்காத, மன்னிச்சிடுக்கா" என்றால் அதில் இருப்பது அந்தக் கடைசிக் கூறு மட்டும்தான். "லோன் பேப்பர்னு பொய் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினேன். தோட்டத்துல உன் பாகத்தை எழுதித் தர்றேன்" என்றால் உட்காரச் சொல்லிக் காப்பி போடலாம்.

பெரியப்பா, சித்தப்பா நடுவில் உட்கார்ந்து பேசி முடிப்பதென்றால், பாகம் பற்றிய பேச்சை ஒருநாளும் மனஸ்தாபம் பற்றிய பேச்சை இன்னொருநாளும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரே நாளில் வைத்தால் அக்கா அழுவாள், தம்பி காலில் விழுவான், பெரியவர்கள் "சரி முடிஞ்சது" என்று எழுந்துவிடுவார்கள். பாகம் அப்படியே நிற்கும்.

படி 8: திரும்ப வரும்போது

வரும். தம்பி மகனுக்கு அந்தத் தோட்டத்தை விற்று கார் வாங்கினார்கள் என்று கேள்விப்படும் அன்றைக்கு எல்லாம் முதலிலிருந்து எரியும். முதலில் எடுத்த முடிவு போலியா என்ற சந்தேகம் வரும். அந்தத் தேதி போட்ட தாளை எடுத்துப் படியுங்கள். வொர்திங்டனின் முறையில் கடைசிப் படியே இதுதான், பிடித்துக்கொண்டிருப்பது. சகோதரனை ஏழு முறை மன்னிக்கட்டுமா என்று பேதுரு கேட்டதற்கு, ஏழெழுபது முறை என்று இயேசு சொன்னதை நான் இப்படியும் படிப்பதுண்டு: ஒரே குற்றத்தையே அத்தனை முறை மன்னிக்க வேண்டியிருக்கும்.

வொர்திங்டனின் முறையைச் சுமார் மூன்று மணி நேரத்தில் தானே செய்துகொள்ளும் பயிற்சி ஏடாக மாற்றி, ஹாங்காங், இந்தோனேசியா, உக்ரைன், கொலம்பியா, தென்னாப்பிரிக்கா ஆகிய இடங்களில் 4,598 பேரிடம் சோதித்தார்கள். முடிவுகள் 2024-இல் வெளிவந்தன. இரண்டு வாரத்தில் பகையுணர்வும் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்திருந்தன. நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு வீட்டிலேயே தொடங்கலாம் என்பதற்கு இது போதுமான ஆதாரம். அதற்கு முன் 2014-இல் 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், அதிக நேரம் செலவிட்டால் அதிகப் பலன் என்றும் தெரிந்தது.

தப்பு உங்கள் மேல் என்றால்

இதைப் படிப்பவர்களில் தம்பிகளும் இருப்பீர்கள். கோயில் உண்டியலில் போட்டுச் சரிக்கட்டிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா, மனிதனுக்கு மனிதன் செய்த குற்றத்தை, அந்த ஆளைச் சமாதானப்படுத்தும்வரை, பாவமன்னிப்புக்கான யோம் கிப்பூர் நாளின் நோன்புகூடப் போக்காது என்கிறது. மத்தேயு 5-இல், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் அப்படியே வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ என்று இருக்கிறது. சமணர்கள் பர்யூஷண் என்ற நோன்புக் காலத்தின் முடிவில் ஒவ்வொருவரிடமும் கைகூப்பி, செய்த பிழையைப் பொறுக்கச் சொல்லி "மிச்சாமி துக்கடம்" சொல்வார்கள். ஆண்டுக்கு ஒருமுறை அதற்கென்றே நாள் இருப்பதால் யார் முதலில் போவது என்ற கௌரவப் பிரச்சினை எழுவதில்லை. நமக்கு அப்படி ஒரு நாள் இல்லை. பொங்கலைப் பிடித்துக்கொள்ளுங்கள். அக்காவுக்குப் பொங்கல் சீர் கொண்டுபோகும்போது பத்திரத்தையும் கொண்டுபோகலாம்.

அந்த ஆள் உயிரோடு இல்லை என்றால்

அம்மா இறந்துவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர் நாற்காலி காலி. அப்போது உறவும் பாகமும் போய், மூன்றில் முதல் கேள்வி மட்டும்தான் மிச்சம்.

கடிதம் எழுதுங்கள். "அம்மா, நீ அன்னைக்குத் தலையைக் குனிஞ்சுக்கிட்டது எனக்குத் தெரியும்" என்று தொடங்கலாம். அவள் செய்த நல்லதை அதே கடிதத்தில் எழுதினாலும் குற்றத்தை அழிக்க வேண்டாம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். அவள் என்ன பதில் எழுதியிருப்பாள் என்று இன்னொரு தாளில் எழுதிப் பாருங்கள். திதி கொடுக்கும் நாளோ, நவம்பர் 2 கல்லறைத் திருநாளோ, கபருக்குப் போய் துஆ செய்யும் நாளோ இருந்தால், அதற்கு முந்தைய நாள் உட்கார்ந்து எழுதுவது பலருக்கு எளிதாக இருக்கிறது. கடிதத்தை எரிக்க வேண்டும், ஆற்றில் விட வேண்டும் என்றெல்லாம் கட்டாயம் ஒன்றும் இல்லை. பீரோவில் வைத்துக்கொள்ளலாம்.

எழுதிய பிறகும் சில வாரங்கள் தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், வாழ்வதில் பிடிப்பு இல்லாமல் இருந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. வெளிநோயாளிச் சீட்டு வாங்கிக்கொண்டு போகலாம். அந்த நோட்டையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். முதல் நாளிலேயே எல்லாவற்றையும் வாயால் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்காது.